0.536 என்ற எண்

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ரெக்கார்டு நோட்டில் நான் போட்ட கையெழுத்து, போன அக்டோபரிலிருந்து மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. சிவப்பு மை, பக்கத்தில் தேதி, பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அந்த வருடம் மட்டும் அதைப் போல ஆயிரம் கையெழுத்துக்கு மேல் போட்டிருப்பேன். பார்மசி கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: பல்கலைக்கழகப் பிராக்டிகலுக்கு ஒரு வாரம் முன்னால், பிரவுன் அட்டை போட்ட நோட்டுகள் மேசையில் ஆளை மறைக்கிற உயரத்துக்கு அடுக்கியிருக்கும். டீ ஆறிப்போகும். பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்போம். எதையும் படிக்க மாட்டோம். தலைப்பு இருக்கிறதா, அட்டவணை நிரம்பியிருக்கிறதா, கடைசி வரியில் ‘கம்ப்ளைஸ்’, அதாவது தரத்துக்குள் இருக்கிறது, என்று இருக்கிறதா, அவ்வளவுதான். அந்த ஒரு நோட்டை மட்டும் நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

என் பாடம் பார்மசூட்டிக்கல் அனாலிசிஸ். லேபிளில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, கூடவே வேண்டாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற படிப்பு. 2000-ல் எம்.பார்ம் முடித்த கையோடு லெக்சரராகச் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. முடித்தேன். இப்போது எச்.ஓ.டி., துறைத் தலைவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இன்னமும் யாராவது “மெடிக்கல் ஷாப் வைக்கிற படிப்புக்கா இத்தனை வருஷம்?” என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்தப் படிப்பு நம் நாட்டில் எதற்காக வந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சந்தையில் போலி மருந்தும் கலப்பட மருந்தும் நிறைந்து கிடந்த காலத்தில், 1930-ல், ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் அறிக்கை வந்த அடுத்த வருடம், 1932-ல், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் பார்மசி பாடத்தைத் தொடங்கினார். மருந்தை நம்ப முடியாத நிலைமை இருந்ததால் பிறந்த படிப்பு இது. சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதுதான் இதன் வேர்.

அந்த வேரில் நானே வெந்நீர் ஊற்றிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

விளக்கு போன வருடம்

பாராசிட்டமால் மாத்திரை அஸே, அதாவது உள்ளே மருந்து எவ்வளவு என்று அளக்கிற சோதனை, செய்யாமல் யாரும் பி.பார்ம் முடித்திருக்க முடியாது. இருபது மாத்திரையை எடை போட்டு, கல்வத்தில் பொடித்து, 0.15 கிராம் பாராசிட்டமாலுக்குச் சமமான பொடியை எடுக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கலக்கி, தண்ணீர் சேர்த்து, கால் மணி நேரம் குலுக்க வேண்டும். அப்புறம் 200 மில்லிக்கு நிரப்பி வடிகட்டி, அதில் 10 மில்லியை 100 ஆக்கி, அதிலும் 10 மில்லியை எடுத்து மறுபடி 100 ஆக்க வேண்டும். கடைசியில், கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யு.வி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 257 நானோமீட்டரில் வைத்து அளவெடுக்க வேண்டும். பாராசிட்டமாலுக்கென்று உள்ள 715 என்ற மாறா எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் மாத்திரையில் எத்தனை சதவீதம் மருந்து என்று வந்துவிடும். 95-லிருந்து 105-க்குள் இருந்தால் கம்ப்ளைஸ்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். மாத்திரையில் மருந்து சரியாக நூறு சதவீதம் இருந்தால் மெஷின் என்ன காட்டும்? 0.536. இந்த எண் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஹாஸ்டலில் சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். பேக் கால்குலேஷன் என்று பெயர். விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்ற ரீடிங்கைப் போடுவது. டைட்ரேஷன் என்றால் ப்யூரெட் அளவு, எடை வேறுபாடு என்றால் இருபது எடை. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு எண் உண்டு. 58 பேர் வகுப்பில் 0.531, 0.534, 0.537 என்று வரிசையாக வந்து நிற்கும். உண்மையிலேயே 58 பேர் தனித்தனியாகச் செய்திருந்தால் ஒருவருக்கு 0.48-ம் இன்னொருவருக்கு 0.57-ம் வந்திருக்கும். பிப்பெட் பிடிக்கத் தெரியாத கை, சரியாகப் பொடிக்காத மாத்திரை, கரைசலை ஊற்றி மெஷினில் வைக்கிற குவெட்டைக் கழுவாதது, எல்லாம் அந்த எண்ணில் தெரியும். எண்கள் அழகாக இருக்கும்போதுதான் சந்தேகப்பட வேண்டும். இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

2009-ல் எங்கள் யு.வி. மெஷினில் டியூட்டீரியம் விளக்கு போய்விட்டது. அது எரியாவிட்டால் 257-ல் எதையும் அளக்க முடியாது. புது விளக்குக்கு கொட்டேஷன் வாங்கி, ஆபீசில் கொடுத்து, கையெழுத்துக்காகக் காத்திருந்தோம். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. பிராக்டிகல் தேதி வந்துவிட்டது. மாணவர்கள் கரைசல் எல்லாம் தயார் செய்துவிட்டு, என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்கள். நான் சொன்ன வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது: “0.53 பக்கத்துல ஒரு ரீடிங் போட்டுக்கோங்க. ஆளுக்கு ஒண்ணா இருக்கட்டும், எல்லாரும் ஒரே நம்பர் போடாதீங்க.” சொல்லும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகக் கூடாது என்ற கரிசனம்தான் இருந்தது.

57 பேர் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். பக்கத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில், ‘விளக்கு எரியவில்லை, அளவு எடுக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கிராமத்திலிருந்து வந்த பெண், தமிழ் வழியில் படித்தவள், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். நான் அவளைக் கூப்பிட்டு, “எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து இதைப் பார்த்தா என்ன நினைப்பார்? ரெக்கார்டு முழுசா இருக்கணும்மா” என்றேன். “சரி மேம்” என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்திருந்தாள். கட்டத்தில் 0.533. கீழே 99.4 சதவீதம். கம்ப்ளைஸ். அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் நைந்திருந்தது. பத்துக்கு ஒன்பது போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அழித்த தடத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். அந்த நோட்டில் உண்மை இருந்த ஒரே இடம் அதுதான்.

இருமல் மருந்து

2025 அக்டோபர் முதல் வாரச் செய்திகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா பக்கத்தில், இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்துப் பார்த்ததில் அந்த பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று விதி சொல்லும் அளவு 0.1 சதவீதம். அந்த 48.6 என்ற எண்ணைப் படித்தபோது நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். ஒரு அனலிஸ்ட்டுக்கு அந்த எண் என்ன சொல்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். நூலிழையில் தப்பிப்போகிற கலப்படம் இல்லை இது. பாட்டிலில் கிட்டத்தட்டப் பாதி விஷம். தேடிப் பார்க்கிற யார் கண்ணிலும் படாமல் போகாது.

இது எப்படி உள்ளே வருகிறது என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிரப்பில் போடுகிற அளவு பாராசிட்டமால் தண்ணீரில் மட்டும் கரையாது. அதனால் புரொப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ சேர்ப்பார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் பெயிண்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிற தொழிற்சாலைச் சரக்கு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நிறம் கிடையாது, கொழகொழவென்று இருக்கும், தித்திக்கும். அதற்குப் பதிலாக இது டிரம்மில் வந்தாலும், திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கேஸ் குரோமட்டோகிராபியில் போட்டால் இரண்டும் தனித்தனி உச்சியாக வந்து நிற்கும். உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றுகிறது. அது சிறுநீரகக் குழாய்களை அழித்துவிடுகிறது. குழந்தைக்கு மூத்திரம் நின்றுபோகும். அம்மாக்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

இது முதல் தடவையும் இல்லை. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 1998-ல் குர்கானில் 33 குழந்தைகள். 2022-ல் இந்தியாவிலிருந்து போன சிரப்பைக் குடித்து காம்பியாவில் எழுபது குழந்தைகள் வரை. எல்லாவற்றுக்கும் முன்னால் 1937-ல் அமெரிக்காவில் எலிக்சர் சல்ஃபனிலமைடு. சல்ஃபா மருந்தைத் தித்திப்பான திரவமாகக் கொடுக்க டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார்கள். ருசி பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், வாசனை பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கெய்லிங் என்ற பேராசிரியரின் ஆய்வகத்துக்கு அந்த மருந்து சோதனைக்கு வந்தது. அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்த 23 வயது பிரான்சஸ் ஓல்ட்ஹாம் எலிகளுக்கு அதைக் கொடுத்து, அவை சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1960-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மேசைக்கு, கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று பின்னால் தெரியவந்த தாலிடோமைடு மருந்தின் விண்ணப்பம் வந்தது. ‘ஆதாரம் போதாது’ என்று திருப்பித் திருப்பி அனுப்பிய பிரான்சஸ் கெல்சி அவர்தான். கம்பெனி எவ்வளவு நெருக்கியும் அவர் நகரவில்லை. கைகால் இல்லாமல் பிறந்திருக்கக்கூடிய எத்தனையோ அமெரிக்கக் குழந்தைகள் முழு உடம்போடு பிறந்தார்கள்.

இந்தக் கதையை இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு மாணவர் பேட்ச்சுக்கும் சொல்லி வருகிறேன். சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும், எனக்கும் தொண்டை அடைக்கும். 2009-லும் சொன்னேன். விளக்கு போன அதே வருடம்.

காஞ்சிபுரத்து ஆலையில் எந்த டிரம், யார் வாங்கியது, யார் சோதிக்காமல் விட்டது என்பதை வழக்கு தீர்மானிக்கட்டும். அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் செய்தியைப் படித்த நிமிடம் என் மனதில் வந்தது அந்த நைந்த தாள். உள்ளே வருகிற ஒவ்வொரு டிரம்முக்கும் எங்கோ ஒரு ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் இருக்கும். யாரோ ஒரு பார்மசி படித்த பிள்ளை அதை நிரப்ப வேண்டும்.

“பழக்கமாச்சே மேம்”

அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். படித்து முடித்தபின் மூன்று வருடம் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவான க்யூ.சி.யில் இருந்தாள். இப்போது சொந்த ஊரில் கணவரோடு சேர்ந்து மெடிக்கல் ஷாப் நடத்துகிறாள். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் மெசேஜ் அனுப்புவாள். மற்றபடி பேசி நாளாகிவிட்டது.

எடுத்தவுடனே கடை விஷயம்தான் பேசினாள். “அந்தச் சரக்கு நம்மகிட்ட இல்ல மேம். இருந்தாலும் குழந்தைங்க சிரப் எல்லாத்தையும் பேட்ச் நம்பர் பார்த்துத் தனியா எடுத்து வச்சுட்டேன்.” காலையிலிருந்து அம்மாக்கள் வீட்டில் இருந்த பாதி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து “இது கொடுக்கலாமாக்கா, இதுவா பாருங்கக்கா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். நாற்பது பாட்டிலாவது கையில் வாங்கிப் பார்த்தேன், பேரும் பேட்ச்சும் பார்க்கத்தான் முடியும், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் மேம் என்றாள். அவள் குரல் கம்மியது.

அப்புறம் அவளாகவே ஆலையில் இருந்த நாட்களைப் பற்றிச் சொன்னாள். சேர்ந்த இரண்டாம் மாதம். சால்வென்ட் டிரம் வந்து இறங்கியிருக்கிறது. உற்பத்தி காத்துக்கொண்டிருக்கிறது. மேனேஜர் வந்து, “சப்ளையர் கொடுத்த சி.ஓ.ஏ., டெஸ்ட் சர்டிஃபிகேட் இருக்குல்ல, அதைப் பார்த்துக் கொஞ்சம் மாத்தி ரீடிங் போட்டு விடும்மா, நாளைக்கு நிதானமா டெஸ்ட் பண்ணிக்கலாம்” என்றிருக்கிறார். போட்டுவிட்டாள். நாளைக்கு என்பது வரவேயில்லை. அந்த டிரம்மில் தப்பு எதுவும் இருக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் சில தடவை அப்படிப் போட்டிருக்கிறாள்.

“உனக்கு அப்போ கஷ்டமா இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல மேம்” என்றாள். “எங்களுக்குத்தான் காலேஜ்லேயே பழக்கமாச்சே மேம்.”

குத்திக்காட்டுவதற்காகச் சொன்ன சொல் இல்லை அது. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. வெளியே மழை பெய்கிறது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு அந்த விளக்கு போன வருடத்தைப் பற்றிக் கேட்டேன். காலியாக விட்ட கட்டம், பென்சில் எழுத்து, நான் திருப்பிக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். அவள் மன்னிப்பாள், அல்லது அழுவாள், ஏதோ ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

“எந்த விளக்கு மேம்?” என்றாள்.

அவளுக்கு நினைவே இல்லை. நானாக எடுத்துச் சொல்லியும் வரவில்லை. பதினாறு வருடமாக அவள் மனதில் அது ஒரு காயமாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அவளுக்கு அது நான்கு வருடத்தில் நிரப்பிய நூற்றுக்கணக்கான கட்டங்களில் ஒன்று. என் தப்பு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தப்பு என்றால் அவள் மறந்திருக்க மாட்டாள். அது தினசரி நடைமுறை. அதனால்தான் மறந்துவிட்டாள். சோதனையே செய்யாமல் எண்ணை எழுதலாம், எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், எழுதாவிட்டால் நோட்டு திரும்பி வரும். நான் 25 வருடம் கற்றுக்கொடுத்த பாடத்தில் அந்தப் பிள்ளைகள் கையில் தங்கியது இதுவும்தான்.

பன்னிரண்டாவது மணி நேரம்

அந்த போனுக்குப் பிறகு பழைய எம்.பார்ம் தீசிஸ்களை லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து பார்த்தேன். ஆராய்ச்சிப் பக்கம் நிலைமை வேறாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் மாதிரி கல்லூரிகளில் எம்.பார்ம் ப்ராஜெக்ட் என்றால் பாதிக்கு மேல் சஸ்டெயின்ட் ரிலீஸ் மாத்திரைதான். மருந்து மெதுவாக, பன்னிரண்டு மணி நேரத்துக்கு வெளியேறுகிறது என்று காட்ட வேண்டும். மாத்திரை கரைவதைச் சோதிக்கிற டிஸல்யூஷன் மெஷினில் ஆறு ஜாடி, ஒவ்வொன்றிலும் 900 மில்லி, 37 டிகிரி சூடு. மணிக்கு ஒரு தடவை 5 மில்லி எடுத்து, எடுத்த அளவுக்குப் புதுக்கரைசல் ஊற்றி, வடிகட்டி அளக்க வேண்டும். ஒரு ஃபார்முலாவுக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். ஒன்பது ஃபார்முலா இருந்தால் ஒன்பது நாள். மூன்று முறை செய்தேன் என்று எழுதினால் இருபத்தேழு நாள்.

எங்கள் கல்லூரி பஸ் காலை எட்டே முக்காலுக்கு உள்ளே வரும். சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடும். லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிவிடுவார்கள். நான் கைடாக இருந்து கையெழுத்துப் போட்ட தீசிஸ்களில் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாவது மணி நேரத்து அளவு இருக்கிறது. ஒன்பது மணிக்குத் தொடங்கினால்கூட அது ராத்திரி ஒன்பது மணி. அந்தச் சாம்பிளை எடுத்தது யார்? இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் யாரும் கேட்டதில்லை. மருந்து வெளியேறும் விதத்தைக் காட்டும் ஹிகுச்சி வரைபடமும் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் வரைபடமும் நேர்கோட்டில் வந்து 0.99 என்று காட்டியதைப் பார்த்து எல்லோரும் திருப்தியாகிவிட்டோம். சில பிள்ளைகள் உண்மையிலேயே இருந்து எடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். செக்யூரிட்டியிடம் கெஞ்சி, லேப் அட்டெண்டர் அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு எடுத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய எண்ணையும், எட்டு மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு மீதியைக் கோடு நீட்டிப் போட்டவர்களின் எண்ணையும் நான் ஒரே மாதிரி மதிப்பிட்டேன். இருந்து எடுத்தவர்களுக்கு நான் செய்த அநியாயம் அது.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்களுக்குப் பதவி உயர்வுக்குப் பேப்பர் எண்ணிக்கை வேண்டும். இன்ஸ்பெக்ஷனுக்குப் பேப்பர் வேண்டும், கல்லூரித் தரவரிசைக்குப் பேப்பர் வேண்டும். அந்த எண்ணிக்கைக்காகப் பணம் கட்டினால் பத்து நாளில் போட்டுவிடுகிற பத்திரிகைகள் முளைத்தன. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரேயடியாக நீக்கியது. என் கட்டுரைகள் இரண்டு வந்திருந்த பத்திரிகையும் அதில் இருந்தது. பயோடேட்டாவிலிருந்து அவற்றை எடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கட்டுரைகளில் இருந்த டிஸல்யூஷன் அட்டவணை எங்கிருந்து வந்தது என்று அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலியாக விடலாம்

டிசம்பரில் புது செமஸ்டர் தொடங்கியபோது என் லேபில் ஒரே ஒரு விதி போட்டேன். அளக்க முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடலாம். ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். காலிக் கட்டத்துக்கு மதிப்பெண் குறையாது. அளக்காமல் எழுதிய எண்ணுக்கு அன்றைய பயிற்சி முழுவதற்கும் பூஜ்யம். அளவு எடுத்த நேரத்தை ஒவ்வொரு ரீடிங் பக்கத்திலும் எழுத வேண்டும். மெஷின் லாக் புத்தகத்திலும் அதே நேரம் இருக்க வேண்டும். சாம்பிளை நான் தயார் செய்து எண் போட்டுத் தருவேன். சில பாட்டில்களில் வேண்டுமென்றே 80 சதவீதம்தான் இருக்கும்.

முதல் மாதம் பெரும் குழப்பம். பிள்ளைகள் பயந்தார்கள். 0.61 வந்தவன் என்னிடம் காட்டவே கூச்சப்பட்டான். ஒரு ஜூனியர் ஸ்டாஃப், “மேம், எல்லாருக்கும் இப்படித் தாறுமாறா வந்தா எக்ஸ்டர்னல் நம்மளைத்தான் கேட்பார்” என்று கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானது. கேட்கத்தான் செய்தார்கள். பிராக்டிகலுக்கு வந்த ஒருவர் காலிக் கட்டங்களைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு முழுமையாக இல்லை என்று குறிப்பு எழுதப் போனார். லாக் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அன்று கரண்ட் போன நேரமும் நோட்டில் எழுதியிருந்த நேரமும் ஒன்றாக இருந்தன. அவர் வெகுநேரம் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். நிர்வாகத்திடம் பேசி, எம்.பார்ம் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ஒன்பதரை வரை லேப் திறந்து வைக்கவும், ஹாஸ்டல் வரை வேனில் கொண்டுபோய் விடவும் அனுமதி வாங்கினேன். அந்த இரண்டு நாளும் நானும் இருக்கிறேன். பன்னிரண்டாவது மணி நேரச் சாம்பிளை எடுத்து வடிகட்டும்போது பிள்ளைகள் முகத்தில் களைப்போடு ஒரு நிறைவு தெரிகிறது. அந்த நேரத்துக்கு லேபில் ஸ்டிரரின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பிப்ரவரியில் பாராசிட்டமால் அஸே. இந்தத் தடவை வெளிக்கடையில் வாங்கிய மாத்திரையில் செய்யச் சொன்னேன். ஒரு பையன் அவன் ஊர்க்கடையில் ஒரே பேட்ச்சில் ஐந்து ஸ்ட்ரிப் வாங்கி வந்தான். அவனுக்கு வந்தது 0.497. கணக்குப் போட்டால் 92.7 சதவீதம். கம்ப்ளைஸ் ஆகவில்லை. பக்கத்து மேசைகளில் எல்லாம் 0.52, 0.54 என்று வந்திருந்தன. பழைய காலமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் 0.527 ஆகியிருக்கும். அவன் நோட்டோடு வந்து நின்று, “நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் மேம், என்ன எழுதட்டும்?” என்றான். வந்ததை எழுது, நாளைக்கு மறுபடி செய்து பார்ப்போம் என்றேன். அடுத்த நாள் இன்னொரு இரண்டு ஸ்ட்ரிப்பை உடைத்து, நான் பக்கத்தில் நிற்க, பிப்பெட்டை எல்லாம் மாற்றிச் செய்தான். 0.495. ஸ்டாண்டர்டு பாராசிட்டமாலை அதே மெஷினில் வைத்துப் பார்த்தோம். அது சரியாகத்தான் இருந்தது.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940. அதன் 26-வது பிரிவைப் பார்மசி படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருப்பார்கள். கடையில் மருந்து வாங்கிய யாரும், கட்டணம் கட்டி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அதற்கான விண்ணப்பம் படிவம் 14-ஏ. இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியும் அந்தப் படிவத்தை நான் ஒரு தடவைகூட நிரப்பியதில்லை. அந்தப் பையனும் நானும் லேப் மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். மீதி ஒரு ஸ்ட்ரிப் இருந்தது, பில்லும் பத்திரமாக இருந்தது. விண்ணப்பதாரர் பெயர், தொழில், மருந்தின் பெயர், வாங்கிய கடை, வாங்கிய தேதி எல்லாம் எழுதினான். சோதனைக்குக் கொடுப்பதற்கான காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான்.

“இங்க என்ன எழுதணும் மேம்?”

அவன் அப்சர்வேஷன் நோட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அதைப் பார்த்து, இரண்டு ரீடிங்கையும், எடுத்த நேரத்தோடு எழுதினான்.